கணப்புச் சீட்டு

கோமதிநாயகம் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மனைவியின் கால்விரல்களை எண்ணினார். பத்தும் இருந்தன, நிறமும் சரியாக இருந்தது. பிறகு உலகம்மாள் அவருடைய விரல்களை எண்ணினாள். ஒன்பது. நேற்றும் ஒன்பதுதான், போன வருடமும் ஒன்பதுதான் என்பதால் கவலைப்பட ஒன்றுமில்லை. இருவரும் பல் துலக்கப் போனார்கள்.

வியாழனின் துணைக்கோளான காலிஸ்டோவின் மூன்றாம் பனித்தெருவில் நாற்பது வீடுகள். நாற்பதிலும் பொழுது இப்படித்தான் விடியும். விடியும் என்பது ஒரு பேச்சுக்குத்தான். பனியைக் குடைந்து கட்டிய தெருவில் சூரியனுக்கு வேலையில்லை; நிர்வாகம் விளக்கேற்றினால் பகல், அணைத்தால் இரவு. மேலே தரைக்குப் போனால் வியாழன் கிரகம் ஒரே இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். வந்த புதிதில் எல்லோரும் ஏறிப் போய்ப் பார்த்தார்கள். இப்போது யாரும் போவதில்லை.

விரல் எண்ணும் வழக்கத்துக்குக் காரணம் மரப்பி. காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், பருப்பு அளவில் ஒரு கருவி. குடியேறுகிற ஒவ்வொருவருக்கும் அதை இலவசமாகப் பொருத்தினார்கள். அதைப் பொருத்திக்கொண்டவருக்குக் குளிர் தெரியாது, வலி தெரியாது. பனிச் சுரங்கத்தில் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்குள் நடக்கலாம். உடம்புக்குக் குளிராமல் இருக்குமா என்றால், குளிரும். உடம்பு அதைச் சொல்லாது, அவ்வளவுதான். ஆகவே விரல் கறுத்தால் கண்ணால்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மரப்பி வேறு சிலவற்றையும் கொஞ்சம் மழுக்கியது. கையேட்டில் அதைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். கோமதிநாயகத்தின் அம்மா பூமியில் இறந்துபோன செய்தி வந்தபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். செய்தியைப் படித்துவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார்.

ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் ஒரு கணப்பு இருந்தது. பீரோ உயரத்தில் ஒரு பெட்டி. முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு, பக்கத்தில் எண் காட்டும் திரை. தெருவுக்கெல்லாம் பொதுவாக ஓடிய காற்று ஐந்து டிகிரியில் வந்தது. குழாய்த் தண்ணீர் உறையாமலிருக்க அது போதும். அதற்கு மேல் மனிதர்களுக்கு வேண்டிய சூட்டை வீட்டுக் கணப்பு தரவேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் குளிரே தெரியாதவர்களுக்குக் கணப்பு எதற்கு? வந்த நாளில் பெட்டியைச் சுற்றியிருந்த கண்ணாடித் தாளை உலகம்மாள் கிழிக்கவில்லை. பதினெட்டு வருடமாக அது அப்படியே இருந்தது. விருந்தாளி வந்தால் மட்டும் முகப்புத் தாளைச் சற்று ஒதுக்கி, பொத்தானை அழுத்துவாள். சிவப்பு விளக்கு எரியும், உள்ளே விசிறி முனகும், திரையில் இருபத்து நான்கு என்று எண் வரும். வந்தவர்கள் மேல்சட்டையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, "ஆகா, கதகதன்னு இருக்கு" என்பார்கள். இவர்கள் போகும் வீடுகளில் இவர்களும் அப்படியே சொல்வார்கள். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

இந்தக் கணப்புக்கு வருடாவருடம் பராமரிப்புச் செய்து, வாசல் கதவில் சீட்டு ஒட்ட வேண்டும் என்பது சட்டம். சீட்டு இல்லாத வீட்டுக்குப் பொதுக்காற்றுக் கட்டணம் இரண்டு மடங்கு. முழுப் பராமரிப்புக்கு ஒரு மாதச் சம்பளம் ஆகும். முதல் வருடம் அந்தத் தொகையைக் கேட்டதும் தெருவே கொதித்துப்போனது; மரப்பி அனுமதிக்கிற அளவுக்குக் கொதித்தது என்று சொல்ல வேண்டும். தெருச் சங்கச் செயலாளர் துரைக்கண்ணுதான் சட்டத்தைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். 'என் வீட்டுக் கணப்பு நல்ல நிலையில் இருப்பதாக நானே உறுதி கூறுகிறேன்' என்று வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டால், பெட்டியைத் திறக்காமலே சீட்டு கொடுத்துவிடலாம். கட்டணம் ஒரு காபிச் செலவு. நாற்பது வீட்டாரும் கையெழுத்துப் போட்டார்கள். கோமதிநாயகம் பதினெட்டு முறை போட்டார். அவர் பொய் சொல்லவில்லை. நல்ல நிலையில் இருப்பதாகத்தான் நம்பினார்.

எல்லாம் இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மகள் பூரணிக்குக் குழந்தை உண்டானது.

பூரணி நடுமாடத்தில் குடியிருந்தாள். அது பெரிய ஊர். ஊர் முழுவதையும் ஒரே உலை சூடாக்கியது. இளம் தம்பதிகளெல்லாம் அங்கேதான் வசித்தார்கள். ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு மரப்பி பொருத்தக் கூடாது, மூளை முதிர்ந்திருக்காது. மூன்றாம் பனித்தெரு சுரங்கக்காரர்களுக்காகக் கட்டப்பட்டது. அங்கே குடியேறியவர்களின் பிள்ளைகளெல்லாம் வளர்ந்த பிள்ளைகள். தெரு உண்டான நாள் முதல் அங்கே கைக்குழந்தை என்ற ஒன்று இருந்ததில்லை.

"பிரசவம் முடிஞ்சு புள்ளை இங்கயே இருக்கட்டும். இங்க வெதுவெதுப்பா இருக்கு" என்றாள் பூரணியின் மாமியார், திரையில் தோன்றி.

உலகம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தலைப்பிரசவம் எங்க வீட்டுக்குத்தான். மூணு மாசம் வச்சிருந்து அனுப்புவோம். எங்க வீட்டுல மட்டும் கணப்பு இல்லையா என்ன?"

திரை அணைந்த பிறகு அவள் கணவனைப் பார்த்தாள். "ஏங்க, பச்சப்புள்ள வருது. இந்தத் தடவை பெட்டியத் தொறந்து பாக்கச் சொல்லுங்க. முழு சர்வீஸா பண்ணிருவோம்."

கோமதிநாயகம் ஒரு மாதச் சம்பளத்தை நினைத்தார். பிறகு பேரக்குழந்தையை நினைத்தார். அதன் முகம் எப்படியிருக்கும் என்று தெரியாததால் பூரணியின் சின்ன வயது முகத்தைப் பொருத்திப் பார்த்தார். பராமரிப்பு அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினார். "முழுப் பராமரிப்பா? பிழையாக அழுத்திவிட்டீர்களா?" என்று பதில் வந்தது. பிழையில்லை என்று இரண்டாம் முறை உறுதிப்படுத்திய பிறகுதான் ஆள் வந்தது.

வந்தவள் பெயர் ஜெசிந்தா. நாற்பது வயதிருக்கும். தலை முதல் கால் வரை மூன்று அடுக்குக் கம்பளி போட்டிருந்தாள், பல் தந்தியடித்தது. பராமரிப்பு ஆட்கள் வேலை நேரத்தில் மரப்பியை அணைத்துவைக்க வேண்டும் என்பது விதி. சூடான எதிலாவது கை பட்டால் தெரியவேண்டுமே.

"மன்னிச்சிக்கோங்க ஐயா, டூல்ஸ் பெட்டியத் தேட நேரமாயிடுச்சு" என்றாள். "ஒன்பது வருஷமா இந்த வேலையில இருக்கேன். முழு சர்வீஸ் கேட்டு யாரும் கூப்பிட்டதில்ல."

விருந்தாளி ஆயிற்றே என்று உலகம்மாள் கணப்பைப் போட்டாள். பெரிய மனதோடு எண்ணை இருபத்தாறுக்கு உயர்த்தினாள். ஜெசிந்தா கம்பளியைக் கழற்றவில்லை. உலகம்மாளுக்கு அது ஒரு மாதிரி இருந்தது. இந்த வீட்டுக்கு வந்து மேல்சட்டையைக் கழற்றாத முதல் ஆள் இவள்தான்.

"கழட்டி வையேம்மா. வெக்கையா இருக்கும்லா."

ஜெசிந்தா கம்பளியை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அவள் கண் சன்னலோரம் போனது. அங்கே உலகம்மாள் தலை வாரப் பாதியில் விட்ட சாமான்கள் இருந்தன: சீப்பு, தேங்காய் எண்ணெய் டப்பா, அதற்குள் செருகிய கத்தி. எண்ணெய் வெள்ளை வெளேரென்று கல்லாக இருந்தது. கத்தியால் ஒரு துண்டு வெட்டி எடுத்திருந்த தடம் தெரிந்தது.

"அம்மா, இந்த எண்ணெய் எப்பவும் இப்படியா இருக்கும்?"

"எண்ணெய்னா பின்ன எப்படி இருக்கும்?"

"பெட்டி இருபத்தாறுன்னு காட்டுது. இருபத்தாறுல தேங்காயெண்ணெய் தண்ணியா ஓடணும்மா."

உலகம்மாள் சிரித்தாள். எண்ணெயாவது ஓடுவதாவது. பதினெட்டு வருடமாக அவள் எண்ணெயை வெட்டித்தான் எடுத்திருக்கிறாள். தெருவிலே எல்லோரும் அப்படித்தான். பூமியிலிருந்தபோது அது பாட்டிலில் சளசளத்தது அவளுக்கு நினைவிருந்தது. ஆனால் இங்கே எண்ணெய் தொட்டியில் வளர்ப்பது, வேறு சரக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்கூட இங்கே வேறு ருசிதானே.

ஜெசிந்தா கண்ணாடித் தாளை மெல்ல உரித்தாள். உலகம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருகாணிகள் மேல் தொழிற்சாலை முத்திரை உடையாமல் இருந்தது. கதவு திறந்தது. மூவரும் எட்டிப் பார்த்தார்கள்.

உள்ளே ஒரு சின்ன விசிறி. சிவப்பு விளக்குக்குப் போகும் கம்பி. நடுவில் தேங்காய் அளவுக்கு ஒரு குழி. குழி காலி.

"இதுல கனற்கல் இருக்கணும்" என்றாள் ஜெசிந்தா. "சூடு தர்றது அதுதான். மத்ததெல்லாம் சும்மா. திரையில வர்ற எண் நீங்க கேக்குற எண்தானே தவிர, வீட்டோட சூடு இல்ல."

குழிக்குள் ஓர் உறையில் மடித்த தாள் இருந்தது. கோமதிநாயகம் அதை வாங்கிப் படித்தார். 'வாடிக்கையாளர் கவனத்துக்கு. பயணப் பாதுகாப்பைக் கருதி கனற்கல் தனியே அனுப்பப்படுகிறது. முதல் ஆண்டுப் பராமரிப்பின்போது இலவசமாகப் பொருத்தித் தரப்படும். இச்சலுகை ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும்.'

அவர் அதை மூன்று முறை படித்தார். உள்ளேயிருந்து ஏதோ ஒன்று பெரிதாக வரப்பார்த்தது. மரப்பி அதைப் பிடித்து அமுக்கிவிட்டது. கோபம் வந்திருக்க வேண்டிய இடத்தில் அவருக்கு லேசாகக் கொட்டாவி வந்தது.

"அப்ப பதினெட்டு வருஷமா?" என்றாள் உலகம்மாள்.

"வெளக்குதாம்மா எரிஞ்சிருக்கு."

"வந்தவங்கெல்லாம் கதகதன்னு இருக்குன்னு சொன்னாங்களே!"

ஜெசிந்தா உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டாள். "நல்ல வேளை கூப்பிட்டீங்க. ஆஸ்பத்திரியில புள்ளைய வீட்டுக்கு விடும்போது கணப்புச் சீட்டு இருக்கான்னு மட்டும்தான் கேப்பாங்க. உங்ககிட்ட சீட்டு இருக்கு. அஞ்சு டிகிரியில பச்சக் குழந்தைய கொண்டாந்து படுக்க வச்சிருப்பீங்க. அது அழும். பால் பத்தலன்னு நெனச்சிருப்பீங்க. ரெண்டு நாள் தாங்கியிருக்காது."

அது பயங்கரமானது என்று கோமதிநாயகத்துக்குத் தெரிந்தது. வெளியூரில் நடந்த விபத்தைச் செய்தியில் படிப்பதுபோலத் தெரிந்தது. கைகளைப் பார்த்தார், அவை நடுங்கவில்லை. கொஞ்சமாவது நடுங்கியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

இலவசக் கல்லின் காலம் கடந்துவிட்டதால் விலைக்குத்தான் வாங்க வேண்டியிருந்தது: அரை வருடச் சம்பளம். தவணையில் கட்டுவதாக எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போடும்போது, பதினெட்டு வருடத்துக்கு முன்பு ஒரே ஒருமுறை அந்த மாதச் சம்பளத்தைக் கொடுத்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்து, பாதியிலேயே கரைந்துபோனது.

ஆனால் தெருவில் மற்ற முப்பத்தொன்பது வீடுகளிலும் இதே கதைதானே? சொல்லாமல் இருப்பது முறையில்லை என்று பட்டது. பக்கத்து வீட்டுக்குப் போனார். துரைக்கண்ணு விருந்தாளியைக் கண்டதும் கணப்பைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"அதுக்குள்ள ஒண்ணும் இல்ல வே" என்றார் கோமதிநாயகம். தாளை நீட்டினார்.

துரைக்கண்ணு படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "உம்ம வீட்டுல கல்லு இல்லாம இருக்கலாம். எங்க வீட்டுல இருக்கு."

"தொறந்து பாத்தீரா?"

"எதுக்குப் பாக்கணும்? போன பொங்கலுக்கு நீரு இதே நாற்காலியில உக்காந்து சட்டையக் கழட்டுனீரு. கதகதன்னு இருக்குன்னு சொன்னீரு. சொன்னீரா இல்லியா?"

"சொன்னேன்."

"அப்ப பொய்யா சொன்னீரு?"

கோமதிநாயகம் யோசித்தார். பொய் சொன்னதாக அவருக்கு நினைவில்லை. உண்மை சொன்னதாகவும் நினைவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அப்படிச் சொல்ல வேண்டும், சொன்னார். துரைக்கண்ணுவின் மனைவி காபி கொண்டுவந்தாள். குடித்துவிட்டு எழுந்தார். வாசல்வரை வந்து வழியனுப்பிய துரைக்கண்ணு, தன் கதவிலிருந்த சீட்டைத் தட்டிக் காட்டினார். "இது என்ன சும்மாவா ஒட்டியிருக்கு?"

ஒரு வாரத்தில் ஜெசிந்தா கல்லைக் கொண்டுவந்து பொருத்தினாள். அன்றைக்கு மத்தியானமே வீட்டில் விபரீதங்கள் தொடங்கின. சுவர்ப் பலகைகள் சடசடவென்று நெளிந்தன. கோமதிநாயகத்தின் நெற்றியில் தண்ணீர் அரும்பியது. கூரை ஒழுகுகிறது என்று உலகம்மாள் அண்ணாந்து பார்த்தாள். கூரை காய்ந்திருந்தது. தண்ணீர் அவருக்குள்ளிருந்துதான் வந்தது. வியர்வை என்ற ஒன்றை இருவரும் மறந்தே போயிருந்தார்கள். எண்ணெய் டப்பாவைத் திறந்த உலகம்மாள், உருகியிருந்ததைக் கண்டு, கெட்டுப்போயிற்று என்று முழுவதையும் கவிழ்த்துவிட்டாள். இட்லி மாவுக்கு அவள் வழக்கம்போலப் புளிப்புப் பொடி போட்டு வைத்திருந்தாள். இந்தத் தெருவில் மாவு தானாகப் புளித்ததில்லை. மறுநாள் பார்த்தால், மாவு பாத்திரத்தைத் தாண்டிப் பொங்கி, மேடையிலிருந்து தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. உலகம்மாள் அதன் எதிரில் வெகுநேரம் நின்றாள்.

"உயிருள்ளது மாதிரி இருக்குங்க" என்றாள்.

பூரணி பெண் குழந்தையோடு வந்து சேர்ந்தாள். பிறந்து பன்னிரண்டு நாள். தொட்டிலில் போட்டதும் குழந்தை ஒரு கையைப் போர்வைக்கு வெளியே எடுத்துப் போட்டுத் தூங்கியது. அந்தக் கையைப் பார்த்துத்தான், வீடு சூடாக இருக்கிறது என்று அவர்கள் தெரிந்துகொண்டார்கள். தெருவே திரண்டு வந்து பார்த்தது. ஒவ்வொருவராகச் சட்டையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார்கள்.

"அப்படியே எங்க வீடு மாதிரி கதகதன்னு இருக்கு" என்றார் துரைக்கண்ணு. அவர் கழுத்தில் வியர்வை வழிந்து கொண்டிருந்தது. அவருக்குத் தெரியவில்லை.

ஒருநாள் முற்பகல். பூரணி குளிக்கப் போயிருந்தாள், உலகம்மாள் சமையலறையில் இருந்தாள். குழந்தை கோமதிநாயகத்தின் தோளில் கிடந்தது. குழந்தைக்குத் தெரிவது என்னவென்று தனக்கும் தெரிய வேண்டும் போல அவருக்கு இருந்தது. ஏன் அப்படி ஓர் ஆசை வந்தது என்று அவரால் சொல்ல முடிந்திருக்காது. காதுக்குப் பின்னால் விரலை வைத்து மூன்று முறை அழுத்தினார். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக மரப்பி அணைந்தது.

முதலில் கழுத்தில் ஒரு சூடு வந்தது. குழந்தையின் மூச்சு. சின்னச் சின்னதாக, விட்டு விட்டு, ஈரமாக. பிறகு கூடத்தின் சூடு முதுகில் படர்ந்தது. யாரோ பின்னாலிருந்து அணைத்துக்கொண்டது போல இருந்தது. இது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்லப்போனால் அழுகை வரும்படி சந்தோஷமாக இருந்தது. அதற்குள் கால்விரல்கள் எரிய ஆரம்பித்தன, இல்லாத விரலும் சேர்ந்து எரிந்தது. அப்புறம், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், அம்மா செத்துப்போய்விட்டாள் என்று தெரிந்தது. பதினோரு வருடத்துக்கு முன் வந்த செய்தி அது. நெஞ்சில் இப்போதுதான் வந்து மோதியது. மோர் ஊற்றிக்கொண்டது நினைவுக்கு வந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

குழந்தை அசைந்தது. கீழே போட்டுவிடுவோமோ என்று பயந்து அவசரமாகக் காதுக்குப் பின்னால் அழுத்தினார். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. அம்மா மறுபடியும் ஒரு செய்தியானாள். குழந்தை ஓர் எடையானது. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. மறுபடி மரப்பியை அணைக்கவும் இல்லை.

மூன்று மாதம் முடிந்தது. சீர் வரிசையோடு மகளையும் பேத்தியையும் நடுமாடத்துக்கு வழியனுப்பினார்கள். வண்டி போன பிறகு இருவரும் உள்ளே வந்தார்கள். கோமதிநாயகம் கணப்பின் பொத்தானை அழுத்தினார். விளக்கு அணைந்தது. நான்கு நாளில் வீடு பழைய ஐந்து டிகிரிக்கு வந்து சேர்ந்தது.

அடுத்த தை மாதம் பராமரிப்பு நாள் வந்தது. தெருவில் முப்பத்தொன்பது வீட்டார் உறுதிமொழி எழுதிச் சீட்டு வாங்கினார்கள். கோமதிநாயகம் முழுப் பராமரிப்புக்குச் சொன்னார். தவணை இன்னும் முடியவில்லை, இருந்தாலும் சொன்னார். இரண்டு நாள் தாங்கியிருக்காது என்று அந்தப் பெண் சொன்னது அவருக்கு மறக்கவில்லை. ஒரு தடவை செய்த தப்பை இன்னொரு தடவை செய்கிற மனிதரில்லை அவர். பேத்தி எப்போது வேண்டுமானாலும் வருவாள். வரும்போது கணப்பு எரிந்தாக வேண்டும்.

ஜெசிந்தா அதே மூன்றடுக்குக் கம்பளியில் வந்தாள். தெருவில் கையெழுத்து வாங்கி வாங்கிச் சலித்துப்போயிருந்த முகம் இந்த வீட்டு வாசலில் கொஞ்சம் மலர்ந்தது. பெட்டியைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தவள், திரும்பி அவரைப் பார்த்தாள்.

"தூசி அவ்வளவா இல்ல. சாம்பல் படிவும் மூணு மாசத்து அளவுதான். ஐயா, புள்ளை போனதுக்கப்புறம் இதைப் போடவே இல்லையா?"

"புள்ளைதான் இல்லியேம்மா."

"நீங்க இருக்கீங்களே."

கோமதிநாயகத்துக்கு அந்தப் பேச்சு பிடிபடவில்லை. வேறெதையோ விசாரிக்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டினார்.

"கல்லு தேஞ்சிருமோன்னு பயப்படுறீங்களா? அப்படி இல்லீங்கய்யா. எரிச்சாலும் எரிக்காட்டியும் இருபது வருஷத்துல அது தானா அடங்கிடும். எரிக்கிறதுக்குத் தனியா காலணா செலவு கிடையாது. செலவுன்னா இந்த சர்வீஸ் மட்டும்தான். அதையும் குடுத்திட்டீங்க." அவள் குரல் தணிந்தது. "சும்மா எரியட்டும். உங்க கால் பொழைக்கும்."

சரி சரி என்றார் அவர். சொல்லும்போது, குழந்தை தோளில் கிடந்த பக்கத்துக் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

பராமரிப்பு முடிந்தால் ஒரு மணி நேரம் எரித்துப் பார்க்க வேண்டும். ஜெசிந்தா எண்ணை இருபத்து நான்கில் வைத்தாள். உலகம்மாள் காபி போட்டாள், முறுக்கு எடுத்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஜெசிந்தா முதல் கம்பளியைக் கழற்றினாள், பிறகு இரண்டாவதை, பிறகு மூன்றாவதையும். சாதாரணப் பருத்திச் சேலையோடு நாற்காலியில் சாய்ந்து, கால்களை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டாள்.

"கதகதன்னு இருக்கும்மா" என்றாள்.

உலகம்மாளுக்கு மனம் குளிர்ந்துபோனது. "இப்பத்தான் பாரு, வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி இருக்க. போன தடவை பொட்டியில கட்டி வச்ச சாமான் மாதிரி உக்காந்திருந்த."

ஒரு மணி நேரம் முடிந்தும் அவளை எழுப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. இன்னொரு காபி குடித்துவிட்டுத்தான் கிளம்பினாள். கதவில் புதுச் சீட்டை நேராக ஒட்டி, விரலால் நீவிவிட்டாள். கோமதிநாயகம் தெருமுனை வரை கூடப் போனார். அங்கே அவள் நின்றாள்.

"எரியுது இல்ல? அப்படியே விட்டுடுங்க ஐயா" என்றாள்.

"விட்டுடுதேம்மா" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். திரும்பி வரும்போது கொஞ்சம் வேகமாகவே நடந்தார். அந்த நடைக்கு என்ன காரணம் என்று அவர் நின்று யோசிக்கவில்லை.

கதவைத் திறந்தபோது சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. உலகம்மாள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏ உலகு, ஏன் அணைச்ச?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கேள்வியே அவளுக்கு விசித்திரமாக இருந்தது.

"ஆள் இல்லாத வீட்டுல எதுக்குங்க எரியணும்?"

கோமதிநாயகம் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு நாற்காலி, கழுவின டம்ளர், அவள், அவர். அவள் சொன்னது சரிதான். யாரும் இல்லை.